நம்பர் கிடக்கட்டும்... புஞ்சைக்குப் பேரென்ன?

சென்னையில் மேன்ஷன் ரூமில் என்னோடு தங்கியிருந்த நண்பனுக்கு, என் ஊர்ப் பேரைச் சொன்ன நாளிலிருந்து குஷி தாங்கவில்லை. கேரம் ஆட்டத்தில் தோற்றால், “என்னப்பா எப்போதும்வென்றான், சிவப்புக் காய் போச்சா?” என்பான். ஆபீஸில் இன்கிரிமென்ட் வராவிட்டால், “எப்போதும்வென்றானுக்கே இந்த கதியா?” என்பான். பெண் பார்க்கப் போன இடத்தில், ‘அப்புறம் போன் பண்றோம்’ என்று சொல்லி அனுப்பிவிட்ட ஞாயிற்றுக்கிழமை அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பேர் நான் வைத்ததில்லை, சார். மதுரையிலிருந்து தூத்துக்குடி போகிற நாலுவழிச் சாலையில், எட்டயபுரத்தைத் தாண்டியதும் வருகிற ஊர். ஓட்டப்பிடாரம் தாலுகா. சோழவந்தான், கங்கைகொண்டான் வரிசையில் ஒரு கம்பீரமான பேர். எத்தனை ஊருக்கு முழு வாக்கியமே பேராக அமையும், சொல்லுங்கள்!

இன்னொரு உண்மையையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் பூர்வீகம் எப்போதும்வென்றானே இல்லை. அங்கே பஸ்ஸை விட்டு இறங்கி, கரிசல் காட்டுக்குள் தள்ளிப் போகவேண்டிய குட்டி கிராமம். சென்னையில் அதைச் சொன்னால் யாருக்கும் புரியாது என்பதால் பெரிய ஊர்ப் பேரைக் கடன் வாங்கிக்கொள்கிறோம். கிராமத்தின் பேரை இங்கேயும் எழுதவில்லை. எழுதினால், “எங்க புஞ்சையை மட்டும் ஏன்டா விட்டுட்டே?” என்று நாலு பெரியப்பாக்கள் ஆபீஸுக்கே கிளம்பி வந்துவிடுவார்கள்.

அதென்ன புஞ்சை விவகாரம்? சொல்கிறேன்.

நின்ற இடமே தெரியலை!

2023 பொங்கல் லீவு. அப்பா காலமான பிறகு அவர் பேரில் இருந்த நிலத்துக்குப் பட்டா மாற்ற வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் பட்டாவை பிரின்ட் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். சர்வே நம்பர் 147/2ஏ. விஸ்தீரணம் ஹெக்டேரில் இருந்தது. எல்லாம் சரி, நிலம் எங்கே?

நான் கடைசியாக அந்தப் பக்கம் போனது பத்தாம் வகுப்பு லீவில். பார்த்த இடமெல்லாம் ஒரே கறுப்பு மண். அங்கங்கே உளுந்து பிடுங்கின காடு, மக்காச்சோளத் தட்டை, நடுவில் சீமைக்கருவேலம். செல்போன் மேப்பைத் திறந்தேன். சாம்பல் நிற வெட்டவெளிக்கு நடுவே ஒரு நீலப் புள்ளி. அந்தப் புள்ளி நான்தானாம். அதைத் தாண்டி மேப்புக்கும் ஒன்றும் தெரியவில்லை.

கையில் கம்போடு சின்னத்தாத்தா வந்தார். அப்பாவுக்குச் சித்தப்பா. எண்பத்திரண்டு வயசு. தலையில் துண்டு, காலில் டயர் செருப்பு.

“என்னய்யா, எதையும் தொலைச்சிட்டியா?”

“நம்ம நிலத்தைத் தேடிட்டு இருக்கேன், தாத்தா.”

“அது எங்கய்யா போயிரும்? எந்தப் புஞ்சை?”

“147 பார் 2ஏ.”

தாத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நம்பர் கிடக்கட்டும்யா... புஞ்சைக்குப் பேரென்ன?”

பி.காம். படித்தவன். கம்பெனியில் ஐநூறு கஸ்டமர் கோட் நம்பர் தலைகீழ்ப் பாடம். முழித்தேன்.

“உங்கப்பன் சொல்லித் தரலையாக்கும்? போகட்டும். நீ இப்ப நிக்கிறதே உன் காட்லதான்!”

பூட்டி எங்கே இருக்கிறாள்?

நான் நின்றிருந்த இடத்துக்குப் பேர் சீதனப் புஞ்சை. தாத்தாவின் பாட்டி, அதாவது எனக்குப் பூட்டிக்கும் மூத்தவள், பக்கத்து ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தபோது அவள் வீட்டார் எழுதிக்கொடுத்த நிலம். பத்திரம் பாட்டன் பேரில். அப்புறம் அவர் மகன் பேரில், பேரன் பேரில். பட்டாவில், சிட்டாவில், அடங்கலில் எங்கே தேடினாலும் அந்த அம்மாளின் பேர் கிடையாது. படம் கிடையாது. அவள் வந்தாள், கொண்டுவந்தாள் என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சி, அந்த மண்ணுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பேர்தான். அந்தப் பேரைத்தான் நான் தெரியாமல் நின்றேன்.

வெட்கமாக இருந்தது. பாக்கெட் டைரியை எடுத்தேன். “வேற என்னென்ன பேர் இருக்கு, தாத்தா?”

“நடந்தாத்தான்யா வரும். உட்கார்ந்து சொல்லச் சொன்னா எனக்கே வராது” என்றவர், கம்பை ஊன்றிக் கிளம்பிவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

மொட்டைக் கிணத்துப் புஞ்சை. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருந்த இடம். கிணறு தூர்ந்துபோய் பேர் மட்டும் மிச்சம். ஒத்தப்பனை, பனையும் இல்லை. கிடைமறிச்சான் காடு, உரத்துக்காக ஆட்டுக் கிடை போட்ட இடம். சுமைதாங்கிப் புஞ்சை, பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்துப்போன பெண்ணின் நினைவாக, வழிப்போக்கர்கள் தலைச்சுமையை இறக்கிவைக்க நட்ட கல் அங்கே இன்னமும் நிற்கிறது. ஆனைக்குண்டு, ஓடைக்குள் ஆனை முங்குகிற ஆழத்துக்கு ஒரு பள்ளம். வழக்குப் புஞ்சை, அண்ணன் தம்பி இருவர் கோர்ட்டுக்கு நடந்து நடந்தே அதை விற்றுத் தீர்த்தார்களாம்.

ஒரு மேட்டில் நின்று, “இது தாதுப் புஞ்சை” என்றார். தாது வருஷப் பஞ்சம் தெரியுமல்லவா? 1876-லிருந்து 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய பஞ்சம். அந்தப் பஞ்சத்தில் கொஞ்சம் கம்புத் தானியத்துக்காகக் கைமாறிய நிலமாம் அது. கொடுத்த குடும்பம் அப்புறம் ஊரிலேயே இல்லை. சரித்திரப் புத்தகத்தில் ஒரு பாராவாகப் படித்த பஞ்சம், என் காலுக்குக் கீழே மூணு குறுக்கம் நிலமாகக் கிடந்தது.

இருட்டுகிற நேரத்தில் எண்ணிப் பார்த்தேன். நாற்பத்து மூன்று பேர்கள். ஒரே ஒரு சாயங்காலம்; ஊரின் கிழக்குப் பக்கம் மட்டும்.

“மேலக்காடு பாக்கி இருக்கு. அது இதைவிடப் பெருசு. ஆடிக்கு வா, காட்டுறேன்” என்றார் தாத்தா.

சரி என்றேன்.

கரிசல் காட்டு அகராதி – பாக்கெட் சைஸ்!

*காடு:* புலி, கரடி இருக்கும் இடம் அல்ல. விளைகிற நிலம். ‘காட்டுக்குப் போறேன்’ என்றால் களை எடுக்கப் போகிறார் என்று அர்த்தம்.

*செவல்:* செம்மண் பூமி. கோவில்பட்டி பக்கத்து இடைசெவலில் இருக்கிற செவல் இதுதான்.

*சரள்:* பொடிக்கல் நிறைந்த தரை.

*பொழி:* புஞ்சையின் எல்லை வரப்பு. அண்ணன் தம்பிச் சண்டை பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பம்.

*ஊருணி:* குடிக்கிற தண்ணீருக்கான குளம்.

*கண்மாய்:* பாசனத்துக்கான குளம். அது நிறைந்து மிச்சத் தண்ணீர் வழிகிற இடம் கலுங்கு.

*ஏந்தல்:* மழைத்தண்ணீரை ஏந்தி வைக்கிற சிறு குளம். இளையரசனேந்தலின் வாலில் இருப்பது.

*தாம்போதி:* ஓடை குறுக்கிடும் இடத்தில், தண்ணீர் மேலே ஓடிப்போகும்படி ரோட்டைத் தாழ்த்திப் போட்ட இடம்.

*நத்தம்:* குடியிருப்பு மனை. ஒட்டநத்தத்தில் உள்ளது.

*அயன், இனாம்:* ஊர்ப்பேருக்கு முன்னால் ஒட்டிக்கொள்கிற வரிக் கணக்கு. அயன் என்றால் சர்க்காருக்கு நேரடியாகத் தீர்வை கட்டிய நிலம். அயன்வடமலாபுரம் அப்படி வந்த பேர். இனாம் என்றால் மானியமாக விட்டது. கோவில்பட்டியை ஒட்டி இனாம் மணியாச்சி இருக்கிறது.

நம்பர் வந்த கதை

நம்பர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நம்பர் இல்லாவிட்டால் பாங்கில் கடன் கிடைக்காது, பயிர் இன்ஷூரன்ஸ் கிடைக்காது. ஆனால் நம்பர் எப்போது வந்தது, பேர் எப்போது போனது என்று பார்த்தால் ஒரு வேடிக்கை.

வெள்ளைக்காரன் காலத்தில் நிலத்தைச் சங்கிலி போட்டு அளந்து நம்பர் கொடுத்தார்கள். எங்கள் பக்கமெல்லாம் ஜமீன் ராஜ்ஜியம். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகு அந்த ஊர்களும் சர்க்கார் கணக்குக்குள் வந்தன. அப்போதும் பேர் சாகவில்லை. காரணம், கர்ணம்! பரம்பரையாக அந்த ஊரிலேயே இருப்பவர். நம்பரைச் சொன்னால் பேரைச் சொல்வார், பேரைச் சொன்னால் நம்பரைச் சொல்வார். அவர் செய்த அட்டகாசங்களும் கொஞ்சநஞ்சமல்ல. வேண்டாதவன் நிலத்தைக் காகிதத்திலேயே கரைத்துவிடும் சாமர்த்தியம் சிலருக்கு உண்டு. 1980-ல் பரம்பரை கர்ணம், முன்சீப் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. பரீட்சை எழுதி வி.ஏ.ஓ.க்கள் வந்தார்கள். நல்ல சீர்திருத்தம்தான். ஆனால் வி.ஏ.ஓ. இன்று இந்த ஊர், நாளை மாறுதலில் வேறு ஊர். அவருக்கு நம்பர் போதும். 1979-லிருந்து 1987 வரை நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் பெரிய திட்டம் நடந்தது. அப்புறம் கம்ப்யூட்டர். ஒவ்வொரு கட்டத்திலும் நம்பர் தெளிவாகிக்கொண்டே வந்தது, பேர் மங்கிக்கொண்டே போனது.

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய கிரயப் பத்திரம் இருந்தால் பிரித்துப் பாருங்கள். ‘இதற்கு நான்குமால்’ என்று ஒரு பகுதி வரும். ஓடைக்கு மேற்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு, இன்னார் புஞ்சைக்குக் கிழக்கு என்று நிலம் தன் அக்கம்பக்கத்தாரை அறிமுகப்படுத்தும். தாத்தா வைத்திருந்த பத்திரத்தில் ‘சீதனப் புஞ்சை என்று வழங்கும்’ என்றே இருந்தது. நான் பிரின்ட் எடுத்த பட்டாவில் அந்தச் சொற்களுக்கு இடமில்லை.

அழிக்க உத்தரவு போட்டார்கள்... அழிந்ததா?

பேரை அழிப்பது பற்றி எங்கள் தாலுகாவுக்கு நன்றாகவே தெரியும். எப்போதும்வென்றான் இருக்கிற அதே ஓட்டப்பிடாரம் தாலுகாவில்தான் பாஞ்சாலங்குறிச்சி.

1799 அக்டோபர் 16-ம் தேதி கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கில் போட்டார்கள். 1801-ல் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடிந்து கிடந்த கோட்டையை மறுபடி எழுப்பினார். கம்பெனிப் பட்டாளம் பெரிய சண்டை போட்டு அதைப் பிடித்தது. இந்தத் தடவை வெள்ளைக்காரனுக்குக் கோட்டையை இடித்தது மட்டும் போதவில்லை. மண்ணை உழுது ஆமணக்கு விதைத்தான். இனி அங்கே ஊரே இருக்கக் கூடாது என்று, பாஞ்சாலங்குறிச்சி என்ற பேரையே வரைபடத்திலிருந்து நீக்கினான்.

ஆனால் என்ன நடந்தது? ஜனங்கள் அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கும்மியில் சொன்னார்கள், கூத்தில் சொன்னார்கள், பிள்ளையைத் தூங்கவைக்கிற கதையில் சொன்னார்கள். 1974-ல் தமிழக அரசு அங்கே நினைவுக் கோட்டை கட்டியபோது, ‘ஊர்ப் பேர் என்ன?’ என்று யாரிடமும் விசாரிக்க வேண்டிவரவில்லை.

பீரங்கி வைத்து அழிக்கப் பார்த்த பேர் பிழைத்துக்கொண்டது. எங்கள் ஒத்தப்பனையையும் ஆனைக்குண்டையும் அழிக்க யாரும் உத்தரவு போடவில்லை. என் மாதிரி ஆசாமிகள் கேட்காமல் இருந்தோம், அவ்வளவுதான்.

எழுதி வைத்த மனிதர்கள்

பேரை எழுதி வைப்பது ஏதோ வேலையற்றவன் வேலை என்று நினைக்காதீர்கள். பெரிய பெரிய மனிதர்கள் செய்திருக்கிறார்கள்.

திருநெல்வேலிச் சீமையில், ராஜவல்லிபுரத்தில் பிறந்த ரா.பி. சேதுப்பிள்ளை வக்கீலுக்குப் படித்தவர். 1946-ல் ‘தமிழகம் ஊரும் பேரும்’ புத்தகத்தை வெளியிட்டார். மலை, காடு, வயல், ஆறு, கடல், அரசர், சாமி என்று எதை வைத்து எந்த ஊருக்குப் பேர் வந்தது என்று வகை வகையாகப் பிரித்திருப்பார். சீவலப்பேரி என்பது ஸ்ரீவல்லபன் பேரால் வந்த ஏரி என்று படிக்கும்போது, நாம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே எத்தனை ராஜாக்களைத் தாண்டிப் போயிருக்கிறோம் என்று தோன்றும்.

அவர் ஊர்ப் பேரோடு நின்றார். ஊருக்குள்ளே இறங்கியவர் எங்கள் கரிசல் காட்டுக்காரர், இடைசெவல் கி. ராஜநாராயணன். காலேஜ் வாசலை மிதிக்காத விவசாயி. கரிசல் ஜனங்கள் பேசுகிற சொற்களைத் திரட்டி 1982-ல் வட்டார வழக்குச் சொல்லகராதி கொண்டுவந்தார். படித்தவர்கள் கொச்சை என்று ஒதுக்கின சொற்களுக்கு அகராதியில் நாற்காலி போட்டுக் கொடுத்த மனுஷர். அதைப் பார்த்து, கொங்குப் பகுதிக்குப் பெருமாள்முருகனும் நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரனும் அகராதி போட்டார்கள். கி.ரா. 2021-ல் மறைந்தார். கோவில்பட்டியில் அரசு அவருக்கு நினைவரங்கம் கட்டியிருக்கிறது. அகராதிக்குப் பிற்பாடு, அவர் உயிரோடிருந்தபோதே, புதுவைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துப்போய்ப் பேராசிரியர் நாற்காலியில் உட்காரவைத்தது தனிக்கதை.

கடல் தாண்டியும் இந்தக் கூத்து உண்டு. 1824-ல் அயர்லாந்தை முழுசாக அளக்க வெள்ளைக்கார சர்க்கார் ராணுவத்தை இறக்கியது. எல்லாம் வரிக்காகத்தான். மேப்பில் பேர் எழுதணுமே? ஒவ்வொரு ஊரையும் ஆளுக்கு ஒரு மாதிரி உச்சரிக்கிறார்கள். ஜான் ஓ டோனவன் என்ற உள்ளூர் மொழி அறிஞரை 1830-லிருந்து வேலைக்கு வைத்தார்கள். மனுஷர் மழையிலும் சேற்றிலும் கிராமம் கிராமமாக நடந்து, கிழவர்களைப் பிடித்து, ‘இந்த மேட்டுக்குப் பேரென்ன, இந்தப் பள்ளத்துக்குப் பேரென்ன?’ என்று கேட்டுக் குறித்தார். மேப்பில் ஏறியது என்னவோ இங்கிலீஷ்காரன் வாயில் நுழைகிற மாதிரி நசுங்கிய பேர்தான். அசல் பேர்கள் அவர் எழுதிய நோட்டுகளில் பத்திரமாக இருக்கின்றன. அந்த நோட்டு இல்லாவிட்டால் நசுங்கியது மட்டும்தான் மிச்சம்.

நம்மிடமும் நசுக்கல் உண்டு. தூத்துக்குடியை ‘டூட்டிகொரின்’ ஆக்கியதை நேர்செய்கிறோம் என்று 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கை மாற்றி ஆணை போட்டது. புது ஸ்பெல்லிங்கைப் படிக்க நாக்குக்கு ஸ்பேர் பார்ட் வேண்டும் என்று ஆளாளுக்குக் கேலி பண்ண, சில நாட்களிலேயே ஆணை வாபஸ் ஆனது. ஆயிரம் ஊர்களின் ஸ்பெல்லிங்குக்காக அத்தனை சண்டை போட்டோம். ஊருக்குள்ளே இருக்கிற ஓடைக்கும் மேட்டுக்கும் ஸ்பெல்லிங்கே கிடையாது; அதற்குச் சண்டை போடவும் ஆள் இல்லை.

ஓடை மறக்கவில்லை

இதுவரை நான் சொன்னது, ஏதோ பழம்பெருமை என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதனால்தான் ஆடிக்கு ஊருக்குப் போகவில்லை. ஆடிட் நேரம், லீவு இல்லை. ‘தீபாவளிக்குப் பார்த்துக்கலாம்’ என்று இருந்துவிட்டேன். ஆவணியில் போன் வந்தது. தாத்தா போய்விட்டார். மேலக்காடு மொத்தமும் அவரோடு போனது.

கதை அத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்த வருஷம்தான் என் சித்தப்பா மகன், தார் ரோட்டை ஒட்டி ஒரு துண்டு நிலம் வாங்கி, ஆடு வளர்க்க ஷெட் போட்டிருந்தான். பாங்க் கடன். சர்வே நம்பர் சுத்தம், வில்லங்கச் சான்றிதழ் சுத்தம், புலப்படம் சுத்தம். எனக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினான். ‘சூப்பர்டா தம்பி’ என்று பதில் போட்டேன்.

2023 டிசம்பர் 17, 18 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் மாவட்டத்தில் வருஷம் பூராவும் பெய்கிற மழையைவிட ஜாஸ்தி. குளங்கள் உடைந்தன, ரயில் நின்றது, ஊர்கள் தீவாகின. எங்கள் கரிசல் காட்டிலும் கொட்டித் தீர்த்தது. கரிசல் மண் வெயிலில் ஆள் கால் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும். நனைந்துவிட்டால் உப்பிக்கொண்டு வெடிப்பையெல்லாம் மூடிவிடும். அப்புறம் தண்ணீரை உள்ளே விடாது. மேலே விழுவது அத்தனையும் பள்ளம் தேடி ஓடும்.

ராத்திரி ஓடை கரை புரண்டு, சொல்லிவைத்த மாதிரி தம்பியின் ஷெட்டுக்கு வந்தது. அவனும் அவன் மனைவியும் கூரையில் ஏறித் தப்பித்தார்கள். ஆடுகள் தப்பவில்லை.

பத்து நாள் கழித்து ஊருக்குப் போனேன். ஷெட் இருந்த இடத்தைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ உறுத்தியது. சென்னைக்குத் திரும்பி, மேஜை டிராயரில் கிடந்த பாக்கெட் டைரியை எடுத்தேன். பதினேழாவது பேர், என் கையெழுத்தில்:

‘ஓடைபுரண்டான் புஞ்சை. ரோட்டுக்கு அடுத்தது. முன்னே ஓடை இதன் வழியாகத்தான் ஓடியது என்கிறார்.’

புலப்படத்தில் அங்கே ஓடை இல்லை. பேரில் இருந்தது. அந்தப் பேர் என் டிராயரில் இருந்தது. தம்பி நிலம் வாங்கும்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு அது ஒரு கிழவர் சொன்ன சுவாரசியமான பேர், அவ்வளவாகத்தான் எழுதிவைத்திருந்தேன். தம்பியிடம் டைரியைக் காட்டினேன். கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துவிட்டு, “மத்த பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புண்ணே” என்றான்.

இந்தப் பொங்கலுக்கு நீங்களும்...

பட்டணத்தில் வேலை, கிராமத்தில் பூர்வீகம் என்று இருக்கிற அத்தனை பேருக்கும் சொல்கிறேன். மூணு நாள் லீவு போதும். முதல் நாள் பொங்கல் சாப்பிடுங்கள். மறுநாள் நோட்டோடு கிளம்புங்கள். என் அனுபவத்தில் கற்றது இது:

1. நடந்துகொண்டே கேளுங்கள். திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் பத்துப் பேர்தான் வரும். அந்த இடத்தில் கால் பட்டால்தான் மற்றது ஞாபகத்துக்கு வரும்.

2. பாட்டி, அத்தைகளையும் கேளுங்கள். பருத்தி எடுக்கவும் களை வெட்டவும் போனவர்கள் அவர்கள். ஆம்பளைகளுக்குத் தெரியாத பேர் அவர்களுக்குத் தெரியும். ஆடு மேய்க்கிறவர் கிடைத்தால் விடவே விடாதீர்கள். எங்கே தண்ணீர் தேங்கும், எங்கே நிழல் இருந்தது என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் பேர் உண்டு.

3. சொன்னபடியே எழுதுங்கள். ‘கெணத்து’ என்றால் ‘கெணத்து’தான். வாத்தியார் வேலை வேண்டாம். ஒரே இடத்துக்கு இரண்டு பேர் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள்.

4. பக்கத்தில் சர்வே நம்பரைப் போடுங்கள். யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது, ஏன் அந்தப் பேர், இப்போது அங்கே என்ன இருக்கிறது என்பதையும் போடுங்கள். செல்போனில் லொகேஷனும் குரலும் பதிந்துகொள்ளுங்கள்.

5. சில பேர்கள் ஒருத்தரை இழிவுபடுத்துகிற மாதிரி இருக்கும். அந்தப் பேரால் காயப்படுகிறவர்களைக் கேளுங்கள். அவர்கள் அதே இடத்துக்கு வேறு பேர் வைத்திருப்பார்கள். அதை முதலில் எழுதுங்கள்.

6. பழைய பத்திரத்தில் நான்குமாலைப் படியுங்கள். தாத்தாவே மறந்தது அதில் இருக்கும்.

7. டிராயரில் வைக்காதீர்கள்! பள்ளிக்கூடத்துக்கு ஒரு காப்பி, பஞ்சாயத்துக்கு ஒரு காப்பி, சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்புக்கு ஒரு காப்பி. ‘குட்மார்னிங்’ படத்துக்கு நடுவே ஒருநாள் அதுவும் போகட்டும்.

எங்கள் டைரி இப்போது ஊர் பூராவும் சுற்றுகிறது. பலரும் திருத்தம் சொல்கிறார்கள். “ஒத்தப்பனை அங்க இல்ல, இந்தாண்டை” என்று ஒரு சண்டைகூட நடந்தது. மேலக்காட்டில் ஆடு மேய்த்த ஒரு பெரியவர் பக்கத்து ஊரில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று தம்பி கண்டுபிடித்தான். போன மாசம் இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். கண் சரியாகத் தெரியவில்லை, நடக்கவும் முடியாது. “நீ நடந்துக்கிட்டே சொல்லுய்யா, நான் கூடவே வாரேன்” என்றார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்மாய்க் கரையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பொழியாகச் சொல்லிக்கொண்டே போனேன். பதினொரு பேர் கிடைத்தது. மீதிக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில், ‘ஊரில் அவசர வேலை’ என்று போட்டிருக்கிறேன். மேனேஜர் கையெழுத்துப் போடும்போது, “எந்த ஊர்ப்பா உனக்கு?” என்றார்.

இந்தத் தடவை கடன் வாங்காமல், எங்கள் ஊர்ப் பேரையே சொன்னேன்.